வீதியும் நீர்வழியும்



வீதி திருத்தப்படப் போகின்றது என்ற செய்தி ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தால், அதனை வேண்டாமென்று சொல்வார் அங்கே எவரும் இலர். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவர், மரக்கறி மூடையைச் சந்தைக்கு ஏற்றுபவர், துவிச்சக்கர வண்டியிலே பாடசாலைக்கு வரும் பிள்ளை ஆகிய எல்லார்க்கும் நல்ல வீதி வேண்டும். நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் இருந்து வரும் எனக்கும் வேண்டும். குழியும் மேடுமாய்க் கிடந்த தெருவொன்று காப்பெற் வீதியான ஆண்டிலே எங்கள் பாடசாலையின் வரவு இடாப்பு முன்னெப்போதும் இல்லாதவாறு நிறைந்திருந்ததை நானே கண்டேன். ஆகவே இன்று நான் பேசப்போவது வீதிக்கு எதிரான பேச்சன்று. வீதியானது நீரைக் கடக்கும் இடத்திலே யாரிடம் உத்தரவு பெறவேண்டும், அந்த உத்தரவு எவ்வாறு கேட்கப்படுகின்றது, கேட்கும் முறையிலே தவறு நேர்ந்தால் யார் துன்பப்படுகிறார்கள் என்பதே என் பொருள்.

வட பகுதியிலே வாழும் நமக்கு நீர்வழி என்றவுடன் பேராறு நினைவுக்கு வருவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்துத் தாழ்நிலங்களிலே தொடங்கி அராலியிலே கடலேரியைச் சேரும் வழுக்கையாறுகூட மாரியிலே மட்டும் ஆறு. கோடையிலே அது வெறும் பள்ளம். மற்றவையெல்லாம் வெள்ளவாய்க்கால்களும் தரவைகளும் சிறு குளங்களுமே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை இவற்றின் வழியே மெல்ல நகர்ந்து, தங்கி, சுண்ணக்கல்லின் துவாரங்களினூடே நிலத்தடிக்கு இறங்குகின்றது. பங்குனியிலே நாம் கிணற்றில் இறைக்கும் நன்னீர் கார்த்திகையிலே தரவையில் நின்ற நீரேயாகும். இந்த நீர் நகரும் வேகம் மிகக் குறைவு. நிலத்தின் சரிவும் மிகக் குறைவு. ஓரடி உயர்த்திய தெரு அதற்கு ஒரு மலைத்தொடராகி விடும்.

வீதி அமைப்போர் அணை கட்ட எண்ணுவதில்லை. ஆயினும் தாழ்நிலத்தின் குறுக்கே மண்ணைக் கொட்டி இறுக்கி உயர்த்திய எந்த வீதியும் அணையே. அதனை அணையாகாமல் காப்பது மதகு ஒன்றுதான். மதகு என்றால் நம் ஊர்களிலே மாலை வேளையில் இளைஞர் அமர்ந்து ஊர்க்கதை பேசும் கட்டு என்பதே பலரின் நினைப்பு. அதன் கீழே உள்ள வாயை எட்டிப் பார்ப்பவர் குறைவு. அந்த வாயின் அகலம், அதன் அடித்தளத்தின் மட்டம், அது அமைந்த இடம் ஆகிய மூன்றும் மேற்புறத்து வயல் அழுகுமா, கீழ்ப்புறத்துக் குளம் நிறையுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. வாய் சிறுத்தால் மேற்புறம் நீர் தேங்கும். ஒடுங்கிய வாயினூடே பாயும் நீர் விசை கொண்டு கீழ்ப்புறத்து மண்ணை அரிக்கும். அடித்தளம் உயர்ந்தால் அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் வரையில் ஒரு துளியும் அப்பால் செல்லாது. பழைய காலத்துப் பொறியியலாளர் சில இடங்களிலே தாம்போதி என்னும் தாழ்ந்த வழியை அமைத்தனர். வெள்ளம் வரும் சில நாள்களில் நீர் வீதியின் மேலாகவே செல்லும். மனிதர் இக்கரையிலே காத்து நிற்பர். இன்றைய போக்குவரத்துக்கு அது ஒவ்வாது என்பது உண்மையே. ஆனால் அங்கே நீருக்குத்தான் முன்னுரிமை இருந்தது என்பதை நான் சற்று ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வதுண்டு.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றிற்று. அச்சட்டம் 1988ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டபோது, குறித்த சில பெருந்திட்டங்கள் முன்கூட்டிய ஆய்வும் அங்கீகாரமும் இன்றித் தொடங்கப்படலாகாது என்ற விதி சேர்ந்தது. எவை அத்திட்டங்கள் என்பதை 1993ஆம் ஆண்டு யூன் மாதத்து வர்த்தமானி வரையறுத்தது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளை அமைத்தல் அதிலே ஒன்று. 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை மீட்டு நிரப்புதல் மற்றொன்று. பெரிய ஆய்வாகிய சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடைபெறுமாயின், அதன் அறிக்கை ஆயத்தமானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளிவரல் வேண்டும். அன்று தொடக்கம் 30 நாள்களுக்குள் எவரும் அறிக்கையைப் படித்துத் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். காணி உரிமையாளராய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பட்டம் பெற்றவராய் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறிய திட்டங்களுக்கோ தொடக்க ஆய்வு என்னும் சுருங்கிய அறிக்கை போதுமெனக் கொள்ளப்படலாம். அதனைப் பார்வையிடலாம், ஆனால் பொதுமக்களின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. இவை தவிர வயல்நிலத்தை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியும், கரையோர வலயமாயின் அதற்கென ஏற்பட்ட திணைக்களத்தின் அனுமதியும், இன்னும் சிலவும் உண்டு. அவற்றை விரித்துரைப்பின் நேரம் போதாது.

நெடுஞ்சாலையும் சதுப்பு நிலமும் சந்தித்த இடங்களுள் நம்மிற் பலரும் கண்டிருக்கக்கூடியது முத்துராஜவெல. கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் செல்லும் அதிவேக நெடுஞ்சாலை 2013ஆம் ஆண்டு ஒக்டோபரிலே திறக்கப்பட்டது, நீளம் 25.8 கிலோமீற்றர். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளை அழைத்துவரப் போவோர் சாளரத்தின் வழியே கோரையும் நாணலும் நீரும் கலந்த பசிய வெளியைக் கண்டிருப்பர். அதுவே நீர்கொழும்புக் கடலேரியோடு தொடர்ந்து கிடக்கும் முத்துராஜவெலச் சதுப்பு. கோட்டை இராச்சியத்துக்கு நெல் விளைத்த வயல்களாய் அவை இருந்தன என்றும், பறங்கியர் காலத்திலும் பின்னரும் வெட்டப்பட்ட வாய்க்கால்களின் வழியே உவர்நீர் ஏறியதால் வேளாண்மை கெட்டது என்றும் சொல்வர். நீரின் வழியை அறியாமல் மனிதர் தொட்ட இடம் என்ற பெயர் அதற்கு நெடுநாளாகவே உண்டு.

அந்த நிலத்தின் அடியிலே இருப்பது முற்றா நிலக்கரி. பல்லாயிரம் ஆண்டு அழுகிய புல்லும் வேரும் நீரிலே ஊறிக் கறுத்துக் கிடக்கும் மண் அது. பஞ்சு போன்றது. அதன்மீது பாரத்தை ஏற்றினால் நீர் பிதுங்கி வெளியேற, நிலம் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவேதான் அங்கே வீதி அமைப்பதற்கு முன்னர் நிலத்தை உறுதிப்படுத்தும் வேலைக்கே பெரும் பொருளும் காலமும் செலவாயின. வீதிக்கு இடைஞ்சலாய் நின்ற அந்தப் பஞ்சுத் தன்மைதான் சுற்றியுள்ள ஊர்களுக்குக் காவல். தண்டுகம் ஓயா பெருக்கெடுக்கும்போது அந்நீரை வாங்கித் தாங்கி, பல நாள்களிலே சிறிது சிறிதாய்க் கடலேரிக்கு விடுவது அதுவே. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு மதிப்பீட்டிலே இச்சதுப்பு ஆண்டொன்றுக்குத் தரும் நன்மையை ஏறத்தாழ 72 கோடி ரூபா என்று கணித்தனர். அதில் 48 கோடிக்கு மேற்பட்டது வெள்ளத்தைத் தணிக்கும் தொழிலுக்கு மட்டும் உரியது. மீனும் விறகும் பறவையும் மிகுதியிலே அடங்கும். இத்தகைய கணக்குகளை நான் முழுதாய் நம்புபவனல்லேன். கலைப்பட்டதாரியாகிய எனக்கு அவற்றைச் சோதிக்கும் வல்லமையும் இல்லை. ஆனால் ஒன்றுமில்லாத சேற்று நிலம் என்று கந்தோரிலே எழுதப்படும் இடத்துக்கு எதிரே ஓர் எண்ணையேனும் எழுதி வைக்க வேண்டியிருக்கின்றது. இச்சதுப்பின் வடபகுதி, 1,777 ஹெக்டேயர், 1996ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது.

முத்துராஜவெலவைவிட என் மனத்தை அதிகம் தொட்டது தென்பகுதி அதிவேக நெடுஞ்சாலையின் கதை. அக்கதையை நேயர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்டல் வேண்டும். நல்லவன் யார், தீயவன் யார் என்று எளிதிலே பிரித்துச் சொல்லிவிட முடியாத கதை அது.

கொழும்பையும் மாத்தறையையும் இணைக்க எண்ணிய அந்த நெடுஞ்சாலைக்காக மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் மதிப்பீட்டறிக்கை தயாரித்தனர். வீதி செல்லக்கூடிய தடங்கள் ஆராயப்பட்டன. மக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. 1999ஆம் ஆண்டிலே மத்திய சுற்றாடல் அதிகாரசபை அங்கீகாரம் வழங்கியது. சில நிபந்தனைகளையும் விதித்தது. அவற்றுள் ஒன்று, வெரஸ் கங்கை சார்ந்த சதுப்பு நிலங்களைத் தவிர்த்து வீதி விலகிச் செல்லவேண்டும் என்பது. நல்ல நிபந்தனைதான். பொல்கொட ஏரிக்கு நீர் சேர்க்கும் அந்த ஈரநிலங்களைக் காப்பது அதிகாரசபையின் கடமையே. ஆனால் வீதி என்பது ஓரிடத்திலிருந்து விலகினால் வேறோரிடத்திலே சென்று விழ வேண்டியது. பின்னர் வரையப்பட்ட இறுதித் தடம், பண்டாரகமப் பகுதியிலே, முன்பு ஆராயப்பட்ட தடங்களுக்கு வெளியே உள்ள வீடுகளின் மேலும் தோட்டங்களின் மேலும் விழுந்தது. அறிவித்தல் வெளிவந்த நாளிலே தங்கள் வீட்டுக்கு ஆபத்து இல்லையென்று அமைதியாய் இருந்தவர்கள் அவர்கள். கருத்துக் கூறும் 30 நாளும் அவர்களுக்குப் பயனின்றிக் கழிந்துபோயின. ஏனெனில் அந்நாளிலே அவர்கள் கூறவேண்டியதொன்றும் இருக்கவில்லை!

அவர்கள் நீதிமன்றம் சென்றனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களின் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. நாடு முழுவதற்கும் நன்மை தரும் திட்டத்தின் முன் சில குடும்பங்களின் இழப்பு சிறியது என்ற கருத்தே அங்கே மேலோங்கியது. வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2004ஆம் ஆண்டு சனவரியிலே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. அங்கீகரிக்கப்பட்ட தடத்தை இவ்வளவு மாற்றும்போது புதிதாய்ப் பாதிக்கப்படுவோரைக் கேளாது விட்டது இயற்கை நீதிக்கு மாறானது என்றும், சட்டத்தின் முன் சமமாய் நடத்தப்படும் அவர்களது உரிமை மீறப்பட்டது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. ஆயினும் வேலை தொடங்கிப் பெரும் பொருள் செலவாகிவிட்டமையால் நெடுஞ்சாலையை நிறுத்தும்படி மன்று கட்டளையிடவில்லை. காணிக்குரிய நட்டஈட்டுக்கு மேலதிகமாக, கேளாது விட்ட குற்றத்துக்கென்று தனியே ஓர் இழப்பீட்டை வழங்கும்படி பணித்தது. பெருந்திட்டத்தின் முன்னிலையிலே ஏழைக் கிராமத்தவனின் சிறு குடிசை பெறுமதியற்றதாய்த் தோன்றலாம். அவ்வாறாயின், அவனது உடைமை எவ்வளவு சிறியதோ, இழப்பீடு பெற அவனுக்குள்ள உரிமை அவ்வளவு பெரியது என்ற கருத்தையும் அத்தீர்ப்பிலே காணலாம். மேல்வகுப்பு மாணவர்க்குக் குடியியல் கற்பிக்கும்போது இந்தத் தீர்ப்பை நான் சொல்லாமல் விடுவதில்லை.

நெடுஞ்சாலையின் கொட்டாவ முதல் காலி வரையான பகுதி 2011ஆம் ஆண்டு நவம்பரிலே திறக்கப்பட்டது. இன்று அதிலே செல்வோர் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகக் காலியை அடைகிறார்கள். சதுப்பும் தப்பியது, வீதியும் வந்தது. வீடு இழந்தவர்க்கு இழப்பீடும் கிடைத்தது. ஆயினும் அவர்கள் கேட்டது பணத்தையன்று. தடத்தை வரையும் மேசையின் முன்னே தங்களையும் ஒருநாள் அழைத்திருக்கலாமே என்பதுதான் அவர்களின் குறை. சதுப்புக்காகப் பேச ஓர் அதிகாரசபை இருந்தது. அவர்களுக்காகப் பேச அன்று எவரும் இருக்கவில்லை.

இத்துறையிலே மிகப் பழைய, மிக விரிவான நடைமுறை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உள்ளது. அங்கே 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி, சட்டத்தின் காவலுக்கு உட்பட்ட ஆற்றிலோ ஓடையிலோ சதுப்பிலோ மண் நிரப்புவதற்கு இராணுவப் பொறியியலாளர் படையின் அனுமதி வேண்டும். இராணுவத்துக்கும் சதுப்புக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வியக்கலாம். கப்பல் செல்லும் ஆறுகளைப் பேணும் பொறுப்பு தொன்றுதொட்டு அப்படையிடம் இருந்தமையே காரணம். வீதித் திணைக்களமாயினும் தனியாராயினும் மூன்று கேள்விகளுக்கு வரிசையாய் விடை சொல்லவேண்டும். அந்த நீர்நிலத்தைத் தொடாமலே செல்ல வழி உண்டா? இல்லையெனில், தொடும் அளவை எவ்வளவு குறைக்கலாம்? அதன் பின்னரும் அழிவது எவ்வளவோ, அதற்கு ஈடாக எங்கே எதைச் செய்து தருவீர்? இந்த வரிசை 1990ஆம் ஆண்டிலே எழுத்திலே உறுதி செய்யப்பட்டது.

வரிசை மாறலாகாது என்பதே இதன் உயிர். ஆனால் நடைமுறையிலே மூன்றாவது கேள்விக்கு முதலிலே தாவிவிடும் ஆசை எல்லா நாட்டினருக்கும் உண்டு. ஈடு கொடுத்தால் போதுமே, வேறோரிடத்தில் ஒரு குளம் வெட்டிவிட்டால் கணக்குச் சரியாகிவிடுமே என்ற எண்ணம் அது. அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவை 2001ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, இவ்வாறு ஈடாய் அமைப்பதாகச் சொல்லப்பட்ட சதுப்புகள் பல அமைக்கப்படவே இல்லை, அமைக்கப்பட்டவற்றுள்ளும் பல இழந்ததற்கு நிகராகவில்லை என்று கண்டனர். வெட்டிய குழியிலே நீர் நிற்கும். ஆனால் மேட்டு நிலத்து வெள்ளம் அங்கே தானாக வந்து சேருமா என்பது வேறு. அந்நாட்டுச் சட்டமும் என்றும் ஒரே வலிமையோடு இருந்ததன்று. 2023ஆம் ஆண்டிலே அங்குள்ள உச்ச நீதிமன்றம், ஓடும் நீரோடு மேற்பரப்பிலே தொடர்ந்து இணைந்திராத சதுப்புகள் இச்சட்டத்தின் காவலுக்கு வெளியே என்று தீர்ப்பளித்தது. பெரும் பரப்புச் சதுப்புகள் அதனால் காவல் இழந்தன. நம் தரவைகளைப் போல ஆண்டிலே சில மாதம் மட்டும் நீரோடு உறவாடும் நிலங்கள் அத்தகைய அளவுகோலிலே எவ்விடம் பெறும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த நாட்டிலிருந்து மதகைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திலே சால்மன் என்னும் மீன் கடலிலே வாழ்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஓடையை நாடி மேலேறி வரும். தகரப் பேணியிலே அடைத்து வருவதை நம்மவர் 'சமன்' என்பரே, அந்தப் பெயருக்கு உரிய மீன். வீதிகளின் கீழே மாநில அரசு வைத்த மதகுக் குழாய்கள் பல, ஓடையின் மட்டத்துக்கு மேலே தூக்கி நின்றன. அல்லது ஒடுங்கி விசை மிக்கன. மீன் மேலேற இயலவில்லை. 1850களிலே தம் நிலத்தைக் கையளித்தபோது மீன்பிடிக்கும் உரிமையை உடன்படிக்கையிலே எழுதி வாங்கியிருந்த பழங்குடியினர், மீனையே வரவிடாமல் தடுத்துவிட்டு மீன்பிடிக்கும் உரிமை உண்டென்பது என்ன நியாயம் என்று வழக்காடினர். அம்மதகுகளைத் திருத்துமாறு 2013ஆம் ஆண்டிலே நீதிமன்றம் மாநிலத்தைப் பணித்தது. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்திலே நீதியரசர் சரிபாதியாய்ப் பிரிந்தமையால் அக்கட்டளை நிலைத்தது. முதலிலே சரியான மட்டத்தில் வைத்திருக்கவேண்டிய குழாய்களுக்காக அம்மாநிலம் பின்னர் பெருஞ்செலவு செய்யவேண்டியதாயிற்று.

இவ்வளவும் நூலிலும் அறிக்கையிலும் படித்தவை. இனிச் சொல்வது நானே செய்த பிழை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலைக்கு முன்னாலுள்ள வீதியை அகலமாக்கி உயர்த்தும் வேலை வந்தது. சில கிலோமீற்றர் நீளமே உடையது. ஆதலால் பெரிய மதிப்பீட்டறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வெள்ளவாய்க்காலோ பெருகும்போதும் நாலு முழ அகலம் காணாதது. ஆயினும் முறைக்கு ஒரு கூட்டம் வைத்தனர். சுவரிலே வரைபடத்தைத் தொங்கவிட்டு, இளம் பொறியியலாளர் ஒருவர் தமிழிலே தெளிவாகவும் பணிவாகவும் விளக்கினார். பாடசாலை அதிபர் என்ற முறையிலே எனக்கு முன்வரிசையிலே கதிரை கிடைத்தது. மஞ்சட் கடவை வேண்டும், மதிலை இடித்தால் கட்டித் தரவேண்டும், பேருந்துத் தரிப்பிடம் வாயிலிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொண்டு போயிருந்தேன். மூன்றையும் ஒப்புக்கொண்டனர். மனநிறைவோடு இருந்தேன்.

அப்பொழுது பின்வரிசையிலே வயல்செய்யும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "நடு மதகைக் காணேல்லையே, தம்பி?" என்றார். படத்திலே அவ்வீதியின் குறுக்கே இரண்டு மதகுகள் இருந்தன. ஊரிலே இருந்தவை மூன்று. அளவெடுக்க வந்தவர்கள் ஆவணி மாதத்திலே வந்திருந்தனர். நடு மதகின் வாய் குப்பையும் மணலும் மூடிக் கிடந்தது. "அதிலை தண்ணி ஓடுறேல்லை, ஐயா. மற்ற ரெண்டையும் பெருப்பிச்சுக் கட்டுறம்" என்று பொறியியலாளர் மறுமொழி சொன்னார். பெரியவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் நீண்டுவிட்டது; எனக்கும் பாடசாலை விடும் நேரம் நெருங்கியிருந்தது. நான் திரும்பி அவரைப் பார்த்து, பிறகு பேசலாம் என்று கையாலே சைகை காட்டினேன். அவர் இருந்துவிட்டார். அதிபர் சொன்னால் அமர்ந்துவிடும் தலைமுறை அது. மூன்று மதகுகளையும் நான் ஒவ்வொரு நாளும் கடந்து வந்தவன். அவற்றை ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

வீதி அழகாய் முடிந்தது. அடுத்த கார்த்திகையிலே மழை பிடித்தது. மற்ற இரண்டு மதகுகளும் பெரியவைதாம். ஆனால் எங்கள் பக்கத்து நிலம் நடுவிலே குழிந்தது. நீர் நடுவிலே வந்து சேர்ந்து, அங்கே வழியின்றிப் பின்வாங்கி, எங்கள் ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தினுள் முழங்காலளவு நின்றது. ஒன்பது நாள் நின்றது. அப்போது சாதாரணதரப் பரீட்சை மார்கழியிலே நடந்து வந்தது. எங்கள் பிள்ளைகள் முன்பின் அறியாத வேறொரு நிலையத்துக்குப் போய் எழுதினார்கள். மேற்புறத்து வயல்களிலே குடலைப் பருவத்து நெல் நீருக்குள் நின்று அழுகிற்று. அந்தப் பெரியவருடைய வயலும் அதிலே அடங்கும்.

வீதியின் மறுபக்கத்தில் நடந்ததை நாங்கள் உணர மேலும் நான்கு மாதங்கள் சென்றன. அங்கே ஒரு சிறு குளம் உண்டு. அவ்வாண்டு அது அரைவாசிக்கும் நிறையவில்லை. பங்குனி கழியுமுன் அதனைச் சூழ்ந்த கிணறுகள் சவர்க்கத் தொடங்கின. ஒரே மழையிலே வீதிக்கு இந்தப் பக்கத்தார் வெள்ளத்தாலும் அந்தப் பக்கத்தார் வறட்சியாலும் கெட்டனர். இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் குறை கூறினர் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மனு எழுதினோம். எழுதுவது எனக்குக் கைவந்த கலை, காலங்கடந்து எழுதினேன். அடுத்த மாரியிலே விஞ்ஞான ஆசிரியர் மாணவரைக் கொண்டு பாடசாலைச் சுவரிலே நாள்தோறும் நீர்மட்டத்தைக் கோடிட்டுத் தேதி எழுதுவித்தார். அந்தக் கோடுகளின் படமே மனுவைவிட அதிகம் பேசிற்று. இரண்டாம் ஆண்டின் முடிவிலே வீதியை வெட்டி நடுவிலே ஒரு குழாய் பதித்தார்கள். ஆனால் புதிய வீதியை ஆழ வெட்டுவது செலவு மிக்கதாகையால், பழைய மதகின் அடித்தளத்துக்கு ஒரு முழம் உயரத்திலே அதனை வைத்தனர். ஆகவே ஒவ்வொரு மாரியிலும் நீர் முதலில் ஒரு முழம் தேங்கி, அதன்பின்னரே அப்பால் செல்கின்றது. வாஷிங்டன் மாநிலத்து மதகுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்நாட்டு ஓடை எதுவும் கண்முன் தோன்றவில்லை. இந்தக் குழாய்தான் தோன்றிற்று.

பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்வியள், நீங்கள் மாரியிலை அந்தப் பக்கம் இறங்கி நடந்தனீங்களே?" என்றார். அதிலே கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது உண்மையான கேள்வி. அளவெடுத்தவரும் நானும் ஒரே தவறைத்தான் செய்தோம். நீர் இல்லாத காலத்திலே நீர்வழியைப் பார்த்தோம்.

இப்பொழுது எங்கள் ஊரின் மேற்குப் பக்கத்திலே, தரவையை ஊடறுத்துச் செல்லும் மற்றொரு வீதியைத் திருத்தும் திட்டம் வந்திருக்கின்றது. வரைபடத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கினோம். சென்ற மார்கழியிலே, மழை ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில், பத்தாம் வகுப்பு மாணவர் இருபது பேரும் நானும் அந்தப் பெரியவரும் வீதியின் இரு மருங்கும் நடந்தோம். அவர் ஊன்றுகோலால் சுட்டிக் காட்டிய இடங்களிலெல்லாம் மாணவர் இறங்கிப் பார்த்து, நீர் எப்பக்கமிருந்து எப்பக்கம் ஓடுகின்றது என்று குறித்துக்கொண்டனர். ஓரிடத்திலே பற்றைக்குள் மறைந்து கிடந்த வாயொன்றைக் கண்டபோது, அவருக்கே அது மறந்துபோயிருந்தது. படத்திலே உள்ள மதகுகள் ஐந்து. நாங்கள் எண்ணியவை ஏழு. விடுபட்ட இரண்டின் இடத்தையும் அடித்தளத்தின் மட்டத்தையும் குறித்துக் கடிதம் எழுதியுள்ளோம். தரவைக்கு அப்பாலுள்ள கிராமத்தாரும் அதிலே கையெழுத்திட வேண்டுமென்று பெரியவர் சொன்னார். அந்தப் பக்கத்துக் கையெழுத்துகளைத் திரட்ட மாணவர் நாளை செல்கின்றனர். கருத்துக் கூறுவதற்குத் தந்த தவணை முடிய இன்னும் பதினொரு நாள்கள் இருக்கின்றன.